எங்கள் குரூப்பில் ஒரு பெருமாள்

மெல்போர்ன்,
ஏப்ரல் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சௌக்கியம். கச்சிராயபாளையம் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தும் வெட்டு ஆள் கிடைக்காமல் அலைகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். நானும் ஆள் பிடிக்கத்தான் அலைகிறேன், படிப்புக்கு.

இங்கே பரீட்சை குறைவு, குரூப் அசைன்மென்ட்தான் அதிகம். வாத்தியாரே ஐந்து பேரைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டிவிடுவார். எழுதினவருக்கும் எழுதாதவருக்கும் ஒரே மார்க். ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்கள் காலேஜ் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று 2023 ஜூலையிலிருந்து சட்டம். அந்த 48-ஐ ஒருத்தி ஹோட்டலில் பாத்திரம் கழுவித் தீர்க்கிறாள், ஒருவன் குடோனில் பெட்டி தூக்கித் தீர்க்கிறான். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் இரவு பதினொன்றரைதான். அங்கே உங்களுக்கு ஏழு மணி, டீ குடித்துவிட்டு சீரியலுக்கு உட்காரும் நேரம்.

திருக்கோவிலூர் இடைகழிக் கதை நீங்கள் சொன்னதுதானே? மழை இரவில் ஒருவர் படுக்க, இருவர் உட்கார, மூவர் நிற்க மட்டும் இடமிருந்த இடத்தில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நின்றார்கள். நாலாவதாக யாரோ வந்து நெருக்கினார்கள். விடிவதற்குள் ஆளுக்கொரு அந்தாதி, நூறு நூறு பாட்டு. யார் எழுதியது எது என்று இன்றுவரை தகராறு இல்லை. அந்த மாதிரி குரூப் அமைந்தால் நானும் மழையில் நிற்கத் தயார். கவனித்தீர்களா, நெருக்கினவர் மட்டும் ஒரு வரி எழுதவில்லை! பெருமாள் என்பதால் யாரும் கேட்கவில்லை.

எங்கள் குரூப்பிலும் ஒரு பெருமாள் உண்டு. நல்ல பையன், கொலம்பியாக்காரன். வாட்ஸ்அப்பில் எதைப் போட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அருள்பாலிப்பு அதோடு சரி.

ஒரு உணவுப் பொருள் நிலத்திலிருந்து வாய்க்கு வரும் வழியை எழுத வேண்டும். முதல் மீட்டிங்கில் பெருமாள் 'பபிள் டீ' உறிஞ்சிக்கொண்டிருந்தான். டீக்குள் கறுப்பாக உருண்டைகள் கிடக்கும், பெரிய ஸ்ட்ராவில் இழுத்து மெல்ல வேண்டும். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தால் நம்மூரில் குடும்பத்துக்கே டீ வரும், இங்கே அரை டம்ளர்கூடத் தேறாது. "அந்த உருண்டை மரவள்ளி மாவுடா, எங்கள் கல்வராயன் மலையில் விளைகிற கிழங்கு" என்றேன். அதையே தலைப்பாக்கிவிட்டார்கள். வெள்ளிமலையில் பிடுங்குவதிலிருந்து லாரியில் ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசி ஆகிறவரை என் தலையில் விழுந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததுவரை எழுதினேன். பெருமாளின் பங்கு ஒரே ஒரு படம். கல்வராயன் மலை என்று தலைப்பு, கீழே பச்சைப்பசேலென்று தேயிலைத் தோட்டம்! சாமையும் தினையும் கடுக்காயும் உள்ள மலைக்குத் தேயிலையை ஏற்றிவிட்டான்.

கூட்டத்தில் சேர்ந்தால் வேலை குறைவதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது சித்தப்பா. ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட தலைக்கு இழுக்கும் பலம் குறைகிறது. எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பாதிதான். (தேர் இழுக்கையில் வடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பீர்களே, அதை அவர் பார்க்கவில்லை.) 1979-இல் அமெரிக்காவில் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்தார்கள், அங்கும் அதே கதை. இதை ஒரு மணி நேரம் நடத்திவிட்டு, அடுத்த நிமிஷமே எங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்தார் எங்கள் வாத்தியார்.

கரும்பு வெட்டில் கூலியைப் பங்கு போட்டாலும் வேலை ஒளியாது. ஆளுக்கு இத்தனை சால் என்று பிடித்து வெட்டிக்கொண்டு போகும்போது, எவன் சாலில் கரும்பு இன்னும் நிற்கிறது என்பது வரப்பில் நிற்கிற குழந்தைக்கும் தெரியும். இங்கே எல்லோர் சாலையும் ஒரே ஃபைலில் கலந்துவிடுகிறார்கள். கடைசியில் ஒருவருக்கொருவர் மார்க் போட ஒரு படிவம் தருவார்கள். பெருமாள் எல்லோருக்கும் முழு மார்க் போட்டான், தனக்கும் சேர்த்து. அப்படிப்பட்டவனுக்கு எப்படிக் குறைத்துப் போடுவது?

ஆனால் பேசவேண்டிய நாளில் வாயைத் திறந்தான் பாருங்கள்! வெள்ளிமலையிலேயே பிறந்து வளர்ந்தவன் தோற்றான். மேகம் அருவிச் சாரல் முகத்தில் அடிக்கிற மாதிரி வர்ணித்தான். "நேரில் போயிருக்கிறாயா?" என்று வாத்தியார் அசந்துபோய்க் கேட்டார். "டிசம்பரில் போகிறோம், இவள் கூட்டிப்போகிறாள்" என்று என்னைக் கைகாட்டினான். வகுப்பே கைதட்டியது. மற்ற மூன்று பேரும் அன்று இரவே டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். வராத மீட்டிங்குக்கெல்லாம் சேர்த்து வைத்த சுறுசுறுப்பு.

ஆக, டிசம்பரில் நாலு பேர் வருகிறார்கள். சித்தியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பாய் தலையணை பத்தாவிட்டால் பெரியம்மா வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். ஒருத்தி கறி சாப்பிட மாட்டாள். பெருமாள் எதையும் சாப்பிடுவான், ஆனால் அந்தத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டியே ஆகவேண்டுமாம்.

இப்படிக்கு,
பாப்பா