குல்லாயும் கிழங்கும்: தென்பாண்டிச் சீமைப் பனிக்காலம் குறித்த ஓர் அரைகுறை ஆய்வு

தமிழ்நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என வானிலைத் துறையிடம் கேட்பது, தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டிய மனுவைத் தபால் ஆபீசில் கொடுப்பதற்குச் சமம். வெப்பமானி எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும். பாளையங்கோட்டையில் குளிர்காலம் தொடங்குவது, வீட்டின் மூத்த ஆண்மகன் பீரோவின் மேல்தட்டைத் திறந்து குரங்குக் குல்லாயைத் தேடும் நாளில்தான். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்ததும் அது நடந்துவிடும். மார்கழியும் தையும் சேர்ந்து முன்பனிக் காலம் என்பது இலக்கண மரபு. குல்லாயும் அந்த மரபை மீறுவதில்லை. தை முடிவதற்குள் துவைத்து, இரண்டு ரசகற்பூர உருண்டைகளோடு மறுபடியும் மேல்தட்டுக்கு ஏறிவிடும்.

இவ்வாய்வின் எல்லை, பாளையங்கோட்டையில் ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு குடும்பம். தாத்தா, ஆச்சி, வங்கியில் வேலை பார்க்கும் மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, எட்டாம் வகுப்புப் பேரன். இவர்கள் பனிக்காலத்தில் எதைத் தின்கிறார்கள், எப்படி அசைகிறார்கள் என்று கண்டறிவதே நோக்கம். கருதுகோள் இது: முன்பனிக் காலத்துப் பண்டங்கள் ஒவ்வொன்றும் தன்னைத் தின்ன வருபவரிடம் முதலில் வேலை வாங்கிக்கொள்கின்றன, ஆகவே அந்த இரண்டு மாதத்தில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். இங்கே தின்பவர்தான் கூலியைத் தன் உடம்பால் முன்பணமாகக் கட்டுகிறார்.

முதலில் குளிரை விசாரிப்போம். பாளையங்கோட்டையில் ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை பொதுவாக 20 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நிற்கும். இந்தியாவில் விற்கும் வீட்டு ஏ.சி.களை 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. சித்திரையில் இந்த வீட்டில் அந்த 24 யாருக்கும் போதாது; 22-க்கு இறக்கி, மின்கட்டணம் கட்டி, போர்வையும் போர்த்திக்கொண்டு உறங்குவார்கள். அதே 22 டிகிரி மார்கழியில் ஜன்னல் வழியே இலவசமாக வரும்போது, ஜன்னலைச் சாத்திவிட்டுக் குல்லாய் போட்டுக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய குளிருக்கும் சும்மா வந்த குளிருக்கும் உடம்பு ஏன் வேறுவேறு மரியாதை கொடுக்கிறது என்பதை எந்த இயற்பியல் நூலும் விளக்கவில்லை.

குல்லாய்க்கு வரலாறு பெரியது. 1854-இல் கிரைமியப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்கள் குளிரில் விறைத்த பலக்லாவா என்ற ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட தலையணி அது. ரஷ்யப் பீரங்கிகளுக்கு எதிராக அணிந்தது, இப்போது தாமிரபரணிக் கரையில் பால் வாங்கப் போவதற்கு அணியப்படுகிறது.

குல்லாய் ஏறியதும் வீட்டில் மூளும் முதல் வழக்கு மின்விசிறி பற்றியது. வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன தண்ணீரில் கொசு பெருகியிருக்கும் காலம். விசிறியை நிறுத்தினால் கொசு, ஓடவிட்டால் குளிர். “ஏல, ஃபேனை நிப்பாட்டு. எலும்பெல்லாம் குடையுது” என்பார் தாத்தா. “கொசு கடிக்கு தாத்தா” என்பான் பேரன். விசிறி அறையின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. உடம்பைச் சுற்றி நிற்கும் சூடான காற்றை விரட்டுவதும் வியர்வையை ஆவியாக்குவதும்தான் அதன் வேலை. இந்த உண்மையைப் பேத்தி நள்ளிரவில் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். பயனில்லை. இருவரும் மாறிமாறி எழுந்து ரெகுலேட்டரைத் திருகியதில், விடிவதற்குள் இருவருக்கும் கணிசமான நடைப்பயிற்சி கிடைத்தது. கருதுகோளுக்குக் கிடைத்த முதல் சான்று இதுவே.

இந்தக் குடும்பத்தில் பகிரங்கமாக உடற்பயிற்சி செய்பவர் மகன் ஒருவர்தான். ஜனவரி 1-ஆம் தேதி சங்கல்பம் எடுத்துக்கொண்டு வ.உ.சி. மைதானத்துக்குப் போவார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது அவருக்கு மனப்பாடம். இந்தச் சங்கல்பம் பொங்கலைத் தாண்டுவதில்லை என்பதற்கு வீட்டார் சொல்லும் காரணம் சோம்பல். அது நியாயமில்லை. பகல் குறுகிய நாள் டிசம்பர் 21, 22 வாக்கிலேயே வந்து போய்விடுகிறது. ஆனால் தென்தமிழ்நாட்டில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரி இறுதி வாக்கில்தான். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும் அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து செய்யும் வேலை இது. அதாவது, அவர் சங்கல்பம் எடுத்த நாளிலிருந்து விடியல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு மனிதனை எழுப்பிவிட வேண்டிய சூரியனே அவனைவிடத் தாமதமாக வந்தால் அவன் என்ன செய்வான்? இத்தனைக்கும் பூமி சூரியனுக்கு மிக நெருங்கி, ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். ஜூலையில் அந்தத் தூரம் 15.2 கோடி. இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் குல்லாயைக் காதுக்கு இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

நடந்த சில நாட்களின் கணக்கும் ஆராயத்தக்கது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி செலவாகும். ஒரு கிராம் நெய்யில் 9 கலோரி. ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தேக்கரண்டி நெய். மைதானத்திலிருந்து திரும்பும் வழியில் கோவில், மார்கழி அதிகாலை, தொன்னையில் வெண்பொங்கல். மேலே மிளகும் முந்திரியும் தெரியும். நெய் தெரியாது, தொன்னையின் அடி மட்டும் பளபளக்கும். அவர் எத்தனை கிலோமீட்டர் கடனோடு வீடு திரும்பினார் என்பதை ஆய்வு நாகரிகம் கருதி வெளியிடவில்லை.

இனி ஆய்வின் முதுகெலும்பான பனங்கிழங்குக்கு வருவோம். ஆடி, ஆவணி வாக்கில் விழுந்த பனம்பழங்களின் கொட்டைகளை மணற்பாங்கான பாத்தியில் நெருக்கமாக அடுக்கிப் புதைத்துவிடுவார்கள். முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் இறங்கும். விதையில் இருந்த சத்தெல்லாம் அந்த முளைக்கு மாறி, மூன்று நான்கு மாதத்தில் விரல் தடிமனுக்குக் கிழங்காகத் திரளும். அப்படியே விட்டால் வடலியாகி, அதாவது இளம்பனையாகிவிடும். ஆகவே பொங்கலுக்கு முன் தோண்டி, கட்டுக்கு 25 என்று கட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். தலைப்பொங்கலுக்கு மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொங்கல்படியில் கரும்புக்கும் மஞ்சள்குலைக்கும் பக்கத்தில் இதுவும் இருந்தாக வேண்டும்.

தோலோடு, உப்பும் மஞ்சளும் போட்டு ஆச்சி அவித்து இறக்குகிறாள். இனி நடப்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். சூடு ஆறுமுன் தோலை உரிக்க வேண்டும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நகத்தை நடுவில் கொடுத்து நெடுக்காகப் பிளந்தால் உள்ளே வெளிர்மஞ்சளில் பீலி என்ற இளங்குருத்து இருக்கும். அதை உருவி எடுக்க வேண்டும். பிறகு கிழங்கை ஒடித்து, ஒடிந்த இடத்தில் தொங்கும் நாரை நீளவாக்கில் இழுக்க வேண்டும். நார் முழுதாக வந்துவிட்டால் வெற்றி. பாதியில் அறுந்தால் மீதி பல்லிடுக்குக்குச் சொந்தம். பிறகுதான் மெல்லுதல். அது சிறிய வேலையல்ல. தாடையின் இரு பக்கமும் சமமாக உழைக்கும் பண்டம் இதைப்போல் வேறொன்றைக் களத்தில் காணவில்லை. மூன்றாவது கிழங்கில் பேரன் பேச்சை நிறுத்திவிட்டான். இது வீட்டாருக்குக் கிடைத்த உபரி நன்மை. பல் போன தாத்தாவுக்கு மட்டும் மருமகள் கிழங்கை நார் எடுத்து, பச்சை மிளகாயும் பூண்டும் தேங்காயும் சேர்த்து உரலில் இடித்துக் கொடுத்தாள். தாத்தாவின் தாடை மிச்சப்படுத்திய உழைப்பு மருமகளின் தோள்பட்டைக்கு மாறியது. உழைப்பு அழிவதில்லை, ஆள்தான் மாறுகிறது என்ற இவ்விதிக்கு ஆச்சி வேறு சொற்களில் உரை எழுதினாள்: “கிழங்கு உரிக்கதுக்கு ஒரு ஆளக் காணும், திங்கதுக்கு மட்டும் வரிசையா வாரானுவ.”

அடுத்தது சிறுகிழங்கு. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், மண் அப்பியிருக்கும், கத்தி வைத்துச் சீவினால் கிழங்கே மிஞ்சாது. ஆகவே கோணிப்பையில் போட்டு வாயைக் கட்டிக் கல்தரையில் புரட்டிப் புரட்டித் தேய்க்க வேண்டும். பேரன் இதை விளையாட்டு என்று நம்ப வைக்கப்பட்டிருக்கிறான். மிச்சத் தோலைக் கையால் சுரண்டினால் விரல்நுனி கறுத்து, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அடையாளம் நிற்கும். சேனை, சேம்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை கை அரிப்பை மட்டுமே தருகின்றன.

ஒப்பீட்டுக்காக வட மாவட்டங்களையும் எட்டிப்பார்க்க வேண்டும். பகல் சுருங்கினால் பூக்கும் கொடி மொச்சை; ஆகவே மார்கழி, தையில் பச்சைக் காய் குவியும். வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உரித்த மொச்சையை ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக அழுத்த, பருப்பு தோலை விட்டுத் துள்ளி விழும். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு ஒரு குண்டான் பருப்பு வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் டி.வி. முன்னால் வட்டமாக உட்கார வேண்டியதுதான். வந்த விருந்தாளிக்கும் கையில் ஒரு பிடி கொடுத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட சில்லறை அசைவுகளை அறிவியல் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவினும் அவருடைய சகாக்களும் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி அதிகமாக ஊட்டிப் பார்த்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குக் கொழுப்பு அரை கிலோகூட ஏறவில்லை. சிலருக்கு நான்கு கிலோவைத் தாண்டியது. வித்தியாசத்துக்குக் காரணம் உடற்பயிற்சி அல்ல. எழுவது, நிற்பது, நெளிவது, கையைக் காலை ஆட்டுவது போன்ற அன்றாட அசைவுகள்தான். அந்தப் பதினாறு பேருக்கும் ஒரு கட்டுப் பனங்கிழங்கைக் கொடுத்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

குடும்பமாக வெளியே போகும் சாகசம் ஆண்டுக்கு ஒன்றுதான்: காணும் பொங்கலை ஒட்டிப் பாபநாசம், அகத்தியர் அருவி. புளியோதரை, எலுமிச்சம்பழச் சோறு, துவையல், ஒரு பாய், இரண்டு துண்டு, மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேர். மலையடிவாரத்தில் காருக்குள் குல்லாயோடு உட்கார்ந்திருந்த தாத்தா, அருவியைக் கண்டதும் குல்லாயைக் கழற்றி ஆச்சி கையில் கொடுத்துவிட்டு நேரே போய்த் தண்ணீருக்கு அடியில் நின்றார். வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வல்லது. விசிறிக் காற்றில் குடைந்த எலும்பு அருவியில் ஏன் குடையவில்லை என்று பேரன் கேட்டான். “அது மூலிகைத் தண்ணிடே” என்று பதில் வந்தது. வெளியே வந்ததும் தாத்தா கட்டுச்சோற்றில் காட்டிய வேகத்தைப் பார்க்கும்போது, குளிர்ந்த உடம்பு எரிபொருள் கேட்கும் என்ற பொது விதி பொய்யாகவில்லை.

கருதுகோள் இவ்வளவு தூரம் பழுதில்லாமல் நின்றது. அதை ஆட்டங்காண வைத்தவர் மருமகள். மகனுடைய கைபேசி நாள்தோறும் அவர் காலடிகளை எண்ணி, இரவு ஒன்பதுக்குப் பாராட்டும் அனுப்புகிறது. மருமகளின் கைபேசி காட்டுவதோ ஏறக்குறையப் பூஜ்யம். கைபேசி அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அவள் அங்கே இருப்பதில்லை என்பதுதான் காரணம். விடியுமுன் வாசல் தெளித்து, இடுப்பை வளைத்துப் பேத்தியோடு சேர்ந்து கோலம் போடுகிறாள். இந்தப் புள்ளிக் கோலங்களை வைத்துத்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் 1974-இல் கணினிப் பட மொழிகளுக்கான இலக்கணம் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கோலத்தின் கணக்கு உலகம் சுற்றிவிட்டது. போட்டவர் குனிந்து நிமிர்ந்த கணக்கு எங்கும் ஏறவில்லை. பிறகு கொல்லை அடுப்பு, உரல், அருவிக்கரையில் எச்சில் இலை எடுப்பது, வீடு முழுக்க இறைந்து கிடக்கும் கரும்புச் சக்கையை வாருவது. தின்பவர் கூலி கட்டுகிறார் என்ற கருதுகோளை, அவர் கட்டும் கூலி எல்லாம் இன்னொருவர் கணக்கிலிருந்து போகிறது என்று திருத்த வேண்டிய நிலை.

திருத்துவதற்குத் தரவு வேண்டும். பெண்பிள்ளைகள் மண்ணால் சிறுவீடு கட்டிக் கொண்டாடும் சிறுவீட்டுப் பொங்கலன்று பேத்தி அம்மாவின் கைபேசியை அவளுடைய சேலை மடிப்பில் செருகிவிட்டு, “இன்னைக்கு முழுக்க எடுக்கப்படாதும்மா” என்று சொன்னாள். முற்றத்தில் கட்டியிருந்த மண்வீட்டுக்கு முன்னால் பொங்கல் விட்டு, காய்கறி நறுக்கி, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு முடிக்கும்வரை அது இடுப்பிலேயே இருந்தது. சாயங்காலம், மார்கழிக் கோலத்தில் வைத்த பூசணிப்பூக்களைச் சாணத்தோடு தட்டிக் காயவைத்த எருவை ஆற்றில் விடக் குனிந்தபோது, கைபேசியும் தாமிரபரணியில் இறங்கிவிட்டது. மகன் பாய்ந்து எடுத்தார். அவர் அன்று செய்த உடற்பயிற்சி அது ஒன்றே.

கைபேசி இப்போது அரிசிப் பானைக்குள் இருக்கிறது. தரவு காய்ந்ததும் ஆய்வின் இரண்டாம் பகுதி வெளிவரும். அதற்குள் அந்த அரிசியைப் பொங்கிவிட வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லிவைக்கப்பட்டிருக்கிறது.