பயப்படி

வா அப்பு, உக்காரு. மெட்ராஸ் கம்பெனியில மாசம் 45,000 வாங்குறியாமே, சந்தோசம். தாலுகா ஆபீஸ்ல இருக்குற உன் மச்சானைப் பாத்து, "வெறும் 30,000-தானா?"ன்னு பந்தியில வச்சுக் கேட்டியாம். அவன் ஒண்ணும் சொல்லாம ரசத்தை ஊத்திக்கிட்டானாம். கணக்குத் தெரிஞ்சவன் பந்தியில பேச மாட்டான் அப்பு.

நான் பள்ளிக்கூடம் போனதில்ல. கோட்டைப்பட்டினம் கடல்தான் எனக்கு வாத்தியாரு. விசைப்படகுக்கு வாரத்துல திங்கள், புதன், சனி மூணே நாள். காத்து கெடுத்தா அன்னைக்கும் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். சிலோன்காரன் புடிச்சா படகே கிடையாது. இறால் அள்ளுன அன்னைக்கு நானும் உன்னை மாதிரிதான் மீசையை முறுக்குனேன். நாலு நாள் கழிச்சு டீசலுக்குக் கடன் கேக்கப் போனப்ப, மீசை தானா இறங்கிப்போச்சு.

இப்ப உன் கணக்குக்கு வா. 45,000-ஐ எட்டு மாசம் வாங்கிட்டு நாலு மாசம் சும்மா இருந்தா, வருசத்துக்கு 3,60,000. மச்சானுக்கு 30,000 வீதம் பன்னெண்டு மாசத்துக்கு? அதே 3,60,000! உன் கம்பெனிக்காரன் ராத்திரி ஒரு மெயில் தட்டுனா, காலையில உனக்கு நாற்காலி இல்ல. மச்சானைத் தூக்கணும்னா மெமோ குடுக்கணும், விளக்கம் கேக்கணும், விசாரணை வைக்கணும். அரசியல் சாசனத்துல 311-ங்கிற பிரிவே அவனுக்குக் காவல் நிக்குது. விசாரணை முடியிறதுக்குள்ள அவன் புள்ள காலேஜ் முடிச்சிரும்.

"2003-ல ஸ்ட்ரைக் பண்ண கவர்மென்ட் ஆளுங்களை ஜெயலலிதா வீட்டுக்கு அனுப்பலையா?"ங்கிறியா? அனுப்புச்சு, லட்சத்துக்கும் மேல. ஸ்ட்ரைக் பண்ண உரிமையே இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லுச்சு. ஆனா கொஞ்ச நாள்ல முக்காவாசிப் பேரு பழைய மேசைக்கே வந்துட்டாங்க. நடுக்கடல்ல தவறி விழுந்தவன் எத்தனை பேரு அப்பு கரைக்கு வர்றான்? அதே வருசம் ஏப்ரல்லேருந்து சேந்தவனுக்குப் பழைய பென்சன் இல்லன்னாங்க. அப்பவும் அந்த வேலைக்குப் பரீட்சை எழுதுற கூட்டம் குறைஞ்சுச்சா?

அதனால கேளு. மச்சானுக்குப் பஞ்சப்படி குடுக்குறாங்க. அவனைவிடக் கூடுதலா உனக்குக் குடுக்குற அந்த 15,000 பயப்படி. அதைத் திங்காத. எட்டு மாசம் தொடாம வச்சா 1,20,000. வேலை போனா மச்சான் மாதிரியே நாலு மாசம் உக்காந்து ரசம் ஊத்திக்கலாம்.

என்னது, பயப்படியிலதான் இந்த போனை வாங்குனியா? நல்லாத்தான் இருக்கு. அப்படியே அதுல, அடுத்த குரூப் ஃபோர் பரீட்சை எப்பன்னு ஒரு தட்டுத் தட்டிப் பாரு.