பாதியில் சறுக்கிய கணக்கு

1949 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் ஒரு கூட்டம். எட்சாக் என்ற புத்தம்புதுக் கணினியைக் கொண்டாட வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் ஆலன் டூரிங், பெரிய நிரலைச் சரிபார்ப்பது எப்படி என்று பேசினார். நிரலின் நடுநடுவே "இந்த இடத்துக்கு வரும்போது இது உண்மையாக இருக்கவேண்டும்" என்று எழுதிவைத்துவிட்டால், சரிபார்ப்பவர் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்று அசர்ஷன் என்கிறோமே, அதேதான். பெருக்கலே இல்லாமல், கூட்டிக் கூட்டியே ஃபாக்டோரியல் கண்டுபிடிக்கும் நிரல்தான் உதாரணம். கட்டுரை மூன்றே பக்கம். 1984இல் இரண்டு பேர் அதைத் தூசி தட்டிப் பார்த்தால், அச்சுப் பிழைகள் மண்டிக் கிடந்தன. சரிபார்ப்பதைப் பற்றிய கட்டுரையைச் சரிபார்க்க ஆளில்லை.

இந்தத் துறைக்கு ஜாதகம் அன்றைக்கே கணித்தாயிற்று.

1967இல் ஃபிளாய்டு, 1969இல் ஹோர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் இந்தச் சரிபார்ப்புக்கு முறையாக இலக்கணம் வகுத்தார்கள். லூப் எத்தனை சுற்று சுற்றினாலும், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பொய்க்காமல் நிற்கும் கூற்றுதான் இன்வேரியன்ட். பைனரி தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியின் நடுவைப் பிரிக்கிறீர்கள். தேடும் சொல் அதற்கு முந்தியதென்றால் பின்பாதியை விடுகிறீர்கள், பிந்தியதென்றால் முன்பாதியை. "சொல் இருந்தால், என் இரண்டு விரலுக்கு நடுவில்தான் இருக்கும்" என்பதே இன்வேரியன்ட். விரல்கள் நெருங்கிக்கொண்டே வருவதால் ஒருநாள் வேலை முடியும். குழந்தை விளையாட்டு!

அந்த விளையாட்டை 1980களில் ஜான் பென்ட்லி, சம்பளம் வாங்கும் நிரலாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார். ஓரிரண்டு மணி நேரம் கொடுத்தும் 90 சதவீதம் பேர் கோட்டைவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. 1946இலேயே அச்சான முறை இது, பிழையில்லாமல் அச்சானதோ 1962இல்தான் என்று கணினி அறிஞர் நூத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார் பென்ட்லி. இழுத்துவிட்டு, 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' புத்தகத்தில் இன்வேரியன்ட் வைத்து வரிக்கு வரி நிரூபித்தும் காட்டினார். சுபம்.

அவரிடம் பாடம் கேட்டவர் ஜோஷுவா பிளாக். ஜாவா நூலகத்துக்குப் பைனரி தேடல் எழுதியதும் அவரே. 2006இல் பாவமன்னிப்பு கேட்கிற தொனியில் எழுதினார்: குருவின் நிரலிலும் என் நிரலிலும் ஒரே பிழை. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் அது ஜாவாவுக்குள் சுகமாகக் குடியிருந்தது.

பிழை ஒளிந்திருந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டு விரலும் நிற்கும் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு. பள்ளிக்கூடத்தில் சரி. ஆனால் 32 பிட் எண்ணில் 214 கோடி சொச்சம்தான் கொள்ளும்; கூட்டல் அதைத் தாண்டினால் விடை மைனஸுக்குக் குப்புற விழும். நடுப்பக்கத்தைத் தேடிப் போனவர் அட்டைக்கு வெளியே நிற்பார். பட்டியலில் 107 கோடிக்கு மேல் சரக்கு இருந்தால்தான் இது நடக்கும். பென்ட்லி எழுதிய காலத்தில் அவ்வளவு பெரிய பட்டியலை வைத்துக்கொள்ள யாரிடம் இடமிருந்தது?

வைத்தியம் ஒரே வரி: இடைவெளியில் பாதியை எடுத்து இடது விரலின் எண்ணோடு கூட்டு. எண் எல்லை தாண்டினால் என்னென்ன நடக்கலாம் என்று மூன்று வகையாகப் பிரித்து, ஹோர் தன் 1969 கட்டுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார்.