யாரை நினைச்சுலே இந்த விதியை எழுதினாரு?

ஏலே பேராண்டி, இங்க வா. பிளஸ் ஒன்னு வரலாறு குரூப்புல சேந்த உடனே வாத்தியாரு ஒரு தாளு குடுத்து விட்டிருக்காராம்ல, வகுப்புல இப்படி இப்படி இருக்கணும்னு. உங்கப்பன் படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுருவான். பேங்குல கடன் வாங்கினப்பவும் அப்படித்தான் போட்டான். நான் உக்காந்து படிச்சேன். உங்க பள்ளிக்கூடத்துல என்னென்ன களவாணித்தனம் நடந்திருக்குன்னு அம்புட்டும் அதுக்குள்ள இருக்குலே!

எப்படின்னு கேளு. நடக்காத காரியத்துக்கு எவன் விதி எழுதுவான்? ‘யானை மேல ஏறி வகுப்புக்கு வரக் கூடாது’ன்னு போட்டிருக்கா? இல்ல. ‘ஜன்னல் வழியா வெளியே போகக் கூடாது’ன்னு போட்டிருக்கு. அப்ப ஒருத்தன் குதிச்சிருக்கான். அவன் பேரை மட்டும் வாத்தியாரு விட்டுட்டாரு.

உத்திரமேரூர்க் கல்வெட்டையும் இப்படித்தான் படிக்கணும். குடவோலை உனக்குப் பாடத்துல வரும். ஊரு வாரியத்துக்கு ஆள் எடுக்க, ஓலையில பேரெழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. பராந்தக சோழன் காலத்துல, 919ல ஒரு தடவை, 921ல ஒரு தடவை வெட்டி வச்சது. வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும், வரி கட்டுத நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். நம்மள மாதிரி ஆளு குடத்துப் பக்கமே போயிருக்க முடியாது; மேடையில ஜனநாயகம் ஜனநாயகம்னு பேசுதவங்க இதைச் சொல்ல மாட்டாங்க, நீ பரீட்சையில எழுது. ஆனா எனக்குப் பிடிச்ச இடம் வேற. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனும் சேரக் கூடாது, அவன் சொந்தக்காரனும் சேரக் கூடாதுன்னு இருக்கு. எவனோ ஒருத்தன் ஊருப் பணத்தைத் தின்னு ஏப்பம் விட்டுட்டு, மச்சினனை உள்ள தள்ளிவிடப் பாத்திருப்பான், வேறென்ன? அதுலயும் ரெண்டே வருசத்துல விதியைத் திருத்தி மறுபடி கல்லுல வெட்டியிருக்காங்கன்னா, மொத விதியில ஓட்டை கண்டவன் எம்புட்டுக் கெட்டிக்காரனா இருக்கணும்!

சரி, உன் தாளுக்கு வா. ‘அடுத்தவன் நோட்டைப் பாத்து எழுதக் கூடாது.’ வாத்தியாருக்கு எப்படித் தெரியப் போவுதுன்னு நினைக்கியா? பழைய ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாக்கவங்க பிழையைத்தான் தேடுவாங்க. சரியா எழுதுதது எல்லாருக்கும் பொது. ரெண்டு ஏட்டுல ஒரே இடத்துல ஒரே பிழை இருந்தா, ஒண்ணுக்கொண்ணு உறவு இருக்குன்னு அர்த்தம். நீயும் பக்கத்து பெஞ்சுக்காரனும் சேந்தாப்புல ராஜேந்திரனைக் ‘கிடாரி கொண்டான்’னு எழுதி வச்சா, வாத்தியாரு துப்புத் துலக்கணும்னே இல்ல. காப்பியடிக்கதுன்னா நல்லாப் படிக்கவன்கிட்ட அடி. அதுக்கும் முன்னால நீ கொஞ்சம் படிச்சிருக்கணும், எது பிழைன்னு தெரிய. அம்புட்டுப் படிச்சா காப்பி எதுக்குன்னு நீ கேட்டா, என்கிட்ட பதில் இல்ல.

அப்பன் கையெழுத்தை நீயே போடுத வேலையும் வேண்டாம். செப்பேட்டுலயே போலி உண்டுலே. நிலத்துக்கு ஆசைப்பட்டு, என்னைக்கோ செத்த ராஜா பேருல பின்னால வெட்டிக்கிட்டவங்க இருக்காங்க. அந்த ராஜா காலத்துல இல்லாத எழுத்து அதுல இருந்து காட்டிக் குடுத்துரும். உங்கப்பன் கையெழுத்துல கடைசிச் சுழி மேல போவும். போன வருச ரேங்க் கார்டுல கீழ போயிருந்தது. பாத்தேன், சொல்லலை.

‘தாமதமா வந்தால் வெளியே நிக்கணும்.’ நில்லு. 1798ல கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைப் பாக்கக் குத்தாலத்துக்குப் போனாரு. பாக்க முடியாதுன்னு ஊரு ஊரா அலையவிட்டு, கடைசியில ராமநாதபுரத்துலதான் பாத்தான், அங்கயும் நிக்க வச்சுப் பேசினான். அது எங்க போயி முடிஞ்சதுன்னு கயத்தாத்துல போயிக் கேளு. ஆனா உங்க வாத்தியாரு ஜாக்சனும் இல்ல, நீ கட்டபொம்மனும் இல்ல. அஞ்சு நிமிசம் நின்னா காலு ஒடிஞ்சிராது.

‘பிறர் பொருளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.’ இதை 1876லயே ஆதிச்சநல்லூர்ல எழுதிப் போட்டிருக்கலாம். ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரரு வந்து தோண்டி, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போயிட்டாரு.

செல்போனு பத்தி ஒரு பத்தி இருக்கு. படிக்கலை. நீயும் கேக்கப் போறதில்ல.

வருசத்தை மனப்பாடம் பண்ண வேண்டாம், காரணத்தைப் புரிஞ்சுக்கிட்டாப் போதும்னு போட்டிருக்காரே, அதை மட்டும் முழுசா நம்பிராத. கட்டபொம்மனைத் தூக்குல போட்டது 1799. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில இருந்து தப்பிச்சு மருது சகோதரர்களோட சேந்தது 1801. ரெண்டையும் மாத்தி வச்சுக்கிட்டேன்னா, அண்ணன் உசிரோட இருக்கையிலயே தம்பி பழிவாங்கப் புறப்பட்டுருவான். காரணம் எங்கிருந்துலே வரும்? பரீட்சைத் தாளுக்கு 90 மார்க்கு, வாத்தியாரு கையில 10. அந்தப் பத்துக்காக எதுத்துப் பேசாம இரு. இந்தத் தொண்ணூறுக்காக வருசத்தையும் படி.

கடைசியில ஒரு வேலை குடுத்திருக்காரு பாரு, ‘உங்கள் ஊர் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருக’ன்னு. அதுக்குத்தான் என் பக்கத்துல வந்து வெத்தலை மடிச்சுக் குடுக்கியாக்கும்! கேளு, சொல்லுதேன். ஆனா அப்படியே எழுதிராத. கிழக்குக் காட்டை எங்க தாத்தா ரொக்கம் குடுத்து வாங்கினாருன்னு நான் சொல்லுவேன். பங்காளி வீட்டுல போயிக் கேட்டா, அடமானத்துக்கு வந்ததைத் திருப்பிக் குடுக்கலைன்னு சொல்லுவான். உங்க ஆச்சிகிட்டத் தனியாக் கேளு. நான் சொல்லுததும் அவ சொல்லுததும் அட்சரம் பிசகாம ஒத்துப்போச்சுன்னா, நாங்க ரெண்டு பேரும் முந்தியே பேசி வச்சுக்கிட்டோம்னு எடுத்துக்க. ரெண்டு பக்கத்தையும் எழுதி, யாரு சொன்னாங்கன்னும் போடு. வாத்தியாருக்கு அதுதான் பிடிக்கும்.

பத்திர ஆபீசுல வில்லங்கம் போட்டுப் பாத்தா உண்மை தெரிஞ்சுருமேன்னு உனக்குத் தோணும். தோணட்டும். அதை மட்டும் நான் கண்ணை மூடின பொறவு பாருலே.