முந்திக்கொண்டவர்

வீடியோ கேம் வெளிவர ஆறு மாதம் இருக்கும். இந்தப் பிரகஸ்பதி முழுப் பணத்தையும் கட்டியிருப்பார். சமையற்கட்டில் இன்னும் அடுப்பே மூட்டவில்லை, இவர் மொய் எழுதிவிட்டு இலைமுன் உட்கார்ந்தாயிற்று. “இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிற சரக்கு, தீர்ந்தா போய்விடும்?” என்று கேட்டுப் பாருங்கள். “உனக்குத் தெரியாது தம்பி, முன்பதிவு செய்தால் தங்கத் துப்பாக்கி தருகிறான்!” என்பார். அது மற்றத் துப்பாக்கிகளைப் போலத்தான் சுடும். நிறம் மட்டும் மஞ்சள்.

விளையாட்டு வந்த அன்று சாயங்காலமே வசவு தொடங்கிவிடும். காசைக் கொடுத்துக் காத்திருந்த நாளெல்லாம் அந்தக் கம்பெனியில் தானும் ஒரு பங்காளி என்று நினைத்திருந்தவராயிற்றே. பங்காளி கோபம் லேசில் தணியுமா?

எல்லாக் கோபமும் வீண் என்று சொல்ல மாட்டேன். 2018-ல் ‘ஃபால்அவுட் 76’ விளையாட்டின் 200 டாலர் பதிப்போடு கித்தான் பை தருவதாகப் பெத்தெஸ்டா நிறுவனம் விளம்பரம் செய்தது. வந்ததோ மெல்லிய நைலான் பை. ஈடாக, விளையாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் 500 ‘ஆட்டம்’ காசு தருகிறோம் என்றார்கள். நிஜப் பணத்தில் ஏறக்குறைய 5 டாலர். அன்று இவர் போட்ட கூச்சலில் நானும் ஒரு குரல் சேர்த்திருப்பேன். கடைசியில் கம்பெனி இறங்கிவந்தது. அடுத்த வருஷம் கித்தான் பை வந்தது. அதற்குள் விளையாட்டையே அவர் மறந்திருந்தார்.

ஆனால் ‘இனி வாங்கவே மாட்டேன்’ என்று சபதம் போடுவதில்தான் மனுஷர் கொஞ்சம் சறுக்குவார். 2009 நவம்பரில் ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ விளையாட்டு வந்தது. கணினியில் விளையாடுகிறவர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் வசதியைக் கம்பெனி பிடுங்கிவிட்டது என்று, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு புறக்கணிப்புக் குழு கிளம்பியது. வெளியான அன்று யாரோ அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படம் பிடித்தார். பெயருக்குக் கீழே பெயராக, பெரும்பாலோர் அந்த நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்தது: மாடர்ன் வார்ஃபேர் 2.

அவருடைய பழைய காயம் குதிரைக் கவசம். 2006 ஏப்ரலில் ‘ஒப்லிவியன்’ விளையாட்டில் வரும் குதிரைக்கு மாட்ட இரண்டரை டாலருக்குக் கவசம் விற்றார்கள். “கொள்ளைக்குப் பிள்ளையார்சுழி போட்டதே அதுதான்” என்று இன்றும் பல்லைக் கடிப்பார்.

“நீங்கள் வாங்கவில்லையே?”

“வாங்கினேன். குதிரை பாவம் இல்லையா?”

2025-ல் அதே விளையாட்டைப் புதுப்பித்து விட்டபோது, விலை கூடிய பதிப்பில் குதிரைக் கவசமும் மறுபடி வந்தது. எந்தப் பதிப்பு வாங்கினீர்கள் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இந்தக் கவசம் கொஞ்சம் பளபளப்பாகத்தான் இருக்கிறது” என்றார்.