பேய்க்கு எந்த ஷிஃப்ட்?

பழைய பேய்ப்படங்கள் இன்றைக்கு எடுபடாது என்பவர்கள் குன்றத்தூரில் வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டார்கள்.

1967-இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ ஒன்றே போதும். ஜாவர் சீதாராமன் நடித்த ஜீபூம்பா பூதம் ஜாடியிலிருந்து வருகிறது, சொன்ன வேலையை முடிக்கிறது, சம்பளம் கேட்பதில்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, சங்கம் இல்லை. ஒரகடம் தொழிற்பேட்டைக் கான்ட்ராக்டர்கள் ஆளெடுக்கும் முன் அவசியம் பார்க்க வேண்டிய தொழில்நுட்பப் படம்.

‘காஞ்சனா’ (2011) அதைவிட உசத்தி. அங்கே பேயின் வழக்கே நில அபகரிப்புதான். கண்ணுக்கெட்டிய வரை பிளாட் கல் நட்டிருக்கும் ஊருக்கு இதைவிட நல்ல சட்ட ஆலோசனை உண்டா? வில்லங்கச் சான்றில் ‘ஆவி: இல்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பத்திரப் பதிவு பூரணமாகிவிடும்.

பழசாகிப்போனது ஒன்றே ஒன்று: ஆளில்லாத பங்களா. அப்படி ஒன்று இங்கே இருந்தால் மறுநாளே ‘பேச்சிலர்களுக்கு மட்டும்’ போர்டு தொங்கும். எட்டுக் கட்டிலில் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் மாறி மாறித் தூங்குவார்கள். நள்ளிரவில் கொலுசு குலுங்க வந்த பேய், கட்டில் காலியில்லாததால் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது. விடிந்ததும் கழுத்தில் அடையாள அட்டை: ‘டிரெய்னி’. கால் தரையில் படாததால் சேஃப்டி ஷூ செலவும் மிச்சம்.