சரக்குக் கணிப்பாளர் ஆவது எப்படி?

இருபது ஆண்டுகள் கழித்து எத்தனை டன் சரக்கு எந்த வழியாகப் போகும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு இந்த நாட்டில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. நாளை மழை வரும் என்று சொன்னவர் நாளையே மாட்டிக்கொள்வார். சரக்குக் கணிப்பாளர் மாட்டும் நாளில் அவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார். தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்குச் சில யோசனைகள்.

வேலை கைக்கு வந்ததும் "எவ்வளவு சரக்கு வரும்?" என்று ஆராயக் கிளம்பாதீர்கள். "அடிக்கல் நாட்டு விழா என்றைக்கு?" என்று விசாரியுங்கள். தேதி குறித்தாகிவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. திட்டச் செலவு கட்டுப்படியாக எத்தனை டன் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, அத்தனையும் வரும் என்று எழுதிவிடுங்கள். பாடநூல் சொல்வது வேறு நாலு படி: சரக்கு எங்கே உண்டாகிறது, எங்கே போகிறது, ரயிலிலா லாரியிலா கப்பலிலா, எந்தப் பாதையில். இந்த நாலையும் இரண்டாம் அத்தியாயத்தில் அம்புக்குறி போட்ட ஒரு படமாக வைத்துவிடுங்கள். அந்தப் படத்தைத் தாண்டி யாரும் படிப்பதில்லை.

அடுத்து, வளர்ச்சி விகிதம். ஆண்டுக்கு 7 சதவீதம் என்று எழுதினால் பத்தாண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 10 சதவீதம் என்றால் இரண்டரை மடங்கைத் தாண்டும். 7 என்பதும் 10 என்பதும் பார்ப்பதற்கு அடக்கமான எண்கள்; எந்த அமைச்சரும் புருவம் உயர்த்த மாட்டார். இதில் ரயில்வேயை மிஞ்ச ஆளில்லை. 2009 டிசம்பரில் வெளியிட்ட 'தொலைநோக்கு 2020' ஆவணத்தில், 2020 வாக்கில் ஆண்டுக்கு 2,165 மில்லியன் டன் ஏற்றுவோம் என்றார்கள். 2019-20இல் உண்மையில் ஏற்றியது சுமார் 1,210. கொரோனா என்று சொல்லலாம்தான். ஆனால் ஊரடங்கு வந்தது அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில். மற்ற ஐம்பத்தொரு வாரத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

தேடுவது கஷ்டமில்லை. ரயிலில் போகும் சரக்கில் எடைக்கணக்கில் பாதிக்குப் பக்கம் நிலக்கரிதான். ஆகவே ரயில் சரக்கைக் கணிப்பது என்பது, எந்த அனல்மின் நிலையம் எவ்வளவு எரிக்கும், சூரிய ஒளி மின்சாரம் எவ்வளவு வரும், சுரங்கத்து வாசலிலேயே மின்சாரம் எடுத்துக் கம்பியில் அனுப்புவார்களா என்று கணிப்பது. இதெல்லாம் வேறு அமைச்சகத்தின் கவலை. அங்கே போய்க் கேட்டால் நேரம் விரயம்; அவர்களிடமும் ஒரு தொலைநோக்கு இருக்கும்.

நிலக்கரியை வெறுக்க வேண்டாம், நம் தொழிலுக்கு அதுபோல உதவும் சரக்கு வேறில்லை. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டிய ஒரு டன்னைப் பின்தொடர்ந்து பாருங்கள். ரயிலில் பாரதீப் போகிறது. அங்கே துறைமுகக் கணக்கில் ஏறுகிறது. கப்பலில் எண்ணூர் வருகிறது. இங்கே இன்னொரு துறைமுகக் கணக்கு. மறுபடி ரயிலேறி மேட்டூர் போகிறது. வெட்டியது ஒரு டன், எரிந்தது ஒரு டன், புள்ளிவிவரத்தில் நாலு டன். நாலு அலுவலகமும் தனித்தனியே கொடுத்த கணக்கைக் கூட்டி "மொத்தத் தேவை" என்று தலைப்புப் போடுங்கள். ஒவ்வொன்றும் முத்திரை குத்திய ஆவணம். யாரும் பொய் சொல்லவில்லை.

அறிக்கைக்குக் கள ஆய்வும் வேண்டும். பொறியியல் கல்லூரிப் பையன்கள் நாலு பேருக்கு ஒளிரும் சட்டை மாட்டி, டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். லாரியை நிறுத்த ஒரு போலீஸ்காரரும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் இருந்தால்தான் வண்டி நிற்கும். அவர் இருக்கும்வரை உண்மையும் வெளியே வராது.

"எங்கிருந்துண்ணே வர்றீங்க?"

"சங்ககிரி."

"எங்க போறீங்க?"

"இந்த லோட எறக்கிட்டு, அடுத்தது எங்க கெடைக்குதோ அங்க."

"என்ன சரக்கு?"

"பார்சல் தம்பி. எல்லாம் கலந்து கெடக்குது."

"எத்தன டன் இருக்கும்?"

டிரைவர் ஒருமுறை போலீஸ்காரரைப் பார்க்கிறார். "பில்லுல என்ன போட்டிருக்கோ அதான்."

பையன் படிவத்தைப் பார்க்கிறான். "எங்க கெடைக்குதோ அங்க" என்பதற்குக் கட்டம் இல்லை. சென்னை என்று எழுதிக்கொள்கிறான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

அந்த டிரைவர் சொன்னதுதான் லாரித் தொழிலின் அடித்தளம். ரிட்டர்ன் லோடு கிடைக்குமா என்பதை வைத்துத்தான் போகும்போது என்ன வாடகை கேட்பது என்று புக்கிங் ஆபீசில் பேசி முடிக்கிறார்கள். காலியாகத் திரும்பும் வண்டியும் டீசல் குடிக்கும், டோல் கட்டும், சாலையில் இடம் பிடிக்கும். டன் கணக்கில் மட்டும் அது பூஜ்யம். கணிப்பு மாதிரிகளில் காலி வண்டியைச் சேர்க்க நல்ல வழிகள் இருக்கின்றன. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தால் பாதி விளங்கிவிடும். ஆனால் டெண்டரில் அந்தப் பெஞ்சுக்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

அரசாங்கம் குறுக்கே வருவதற்கும் தயாராக இருங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பைக் கூட்டியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்குப் போனது. சரக்கு ஒரு மூட்டைகூடக் கூடாமல், ஒரு வண்டி கூட வாங்காமல், ஒரே ஒரு அறிவிப்பில் நாட்டின் லாரிக் கொள்ளளவு எகிறியது. அதற்கு முந்தைய மாதம் "புது லாரித் தேவை" பற்றி அறிக்கை கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

இனி, உச்சத்துக்கு வருவோம்: சேதுசமுத்திரம். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடக்க விழா. மதிப்பீடு சுமார் 2,427 கோடி ரூபாய். கால்வாய் 167 கிலோமீட்டர். இலங்கையைச் சுற்றாமல் வந்தால் 424 கடல் மைல் வரை, முப்பது மணி நேரம் வரை மிச்சம் என்று விளம்பரம். இந்த "வரை"யில்தான் கலை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வரும் கப்பலுக்கு அந்த மிச்சம் உண்டு. ஏடனிலிருந்தோ மொரீஷியசிலிருந்தோ கொல்கத்தாவுக்குப் போகும் கப்பலுக்கு அத்தனை கிடையாது. அது கால்வாய்க்குள் மெதுவாகப் போக வேண்டும், வழிகாட்டிக்காகக் காத்திருக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். பொருளாதார ஆய்வாளர் ஜேக்கப் ஜான் இதை 2007இல் ஒரு கட்டுரையில் எண்களோடு எடுத்துக்காட்டினார். கால்வாயின் ஆழமோ 12 மீட்டர். பெரிய கப்பல்கள் எப்படியும் இலங்கையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். ஆனால் கால்வாய்க்குக் குறுக்கே கிடந்த ராமர் பாலத்தைக் கட்டியது யார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. கப்பல் வருமா என்று கேட்க யாருக்கும் அவகாசம் இல்லை. கணிப்பாளருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் அமையாது: திட்டம் நின்றது, கணிப்பு தோற்கவில்லை. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரி மீண்டும் தீர்மானம் போட்டது.

திட்டம் கட்டி முடிந்து சரக்கு வராமல் போனால்? பதற வேண்டாம். அம்பாந்தோட்டையைப் பாருங்கள். 2010 நவம்பரில் திறந்த துறைமுகத்துக்குக் கப்பல்கள் தாமாக வரவில்லை. 2012இல் கார் ஏற்றி வரும் கப்பல்களை அங்கே திருப்பிவிட இலங்கை அரசு உத்தரவு போட்டது. தேவை இல்லாத இடத்தில் உத்தரவு இருந்தால் போதும். 2017இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது என்பது நிதித் துறையின் பாடு. நம் அத்தியாயத்தில் வராது.

மற்றபடி, குறைந்த வளர்ச்சி, நடுத்தர வளர்ச்சி, உயர் வளர்ச்சி என்று மூன்று பத்தி போட மறக்காதீர்கள். அமைச்சர் உயர்ந்ததைப் படிப்பார், வங்கி நடுவில் உள்ளதைப் படிக்கும், பிற்பாடு தணிக்கைக்காரர் வந்தால் குறைந்ததைக் காட்டி "நாங்கள் அன்றே எச்சரித்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணிப்பைத் திருத்த வேண்டும் என்ற பரிந்துரையைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த டெண்டரும் உங்களுக்கே வரும். அப்போது வளர்ச்சி விகிதத்தில் கை வைக்காதீர்கள்; தொடக்க ஆண்டை மட்டும் மாற்றினால் போதும்.